நாலரை இஞ்சு சுவர் என்றால் தைரியமாக இடிக்கலாமா?

ஜனவரி 6, 2024 – தக்கலை வாசகர் கேட்டது

தாத்தா காலத்து வீடு. முன்பக்கம் ஓட்டுக்கூரை, பின்பக்கம் 1980களில் அப்பா சேர்த்த கான்கிரீட் தளம். பட்டாசலுக்கும் (கூடம்) அடுக்களைக்கும் நடுவில் உள்ள சுவரை எடுத்துவிட்டு ஒரே ஹாலாக ஆக்க வேண்டும் என்று வீட்டில் பிடிவாதம். கொத்தனார் வந்து தட்டிப் பார்த்துவிட்டு, "இது வெறும் நாலரை இஞ்சு மறைப்புச் சுவர். ஒம்பது இஞ்சுன்னா பயப்படணும். திங்கக்கிழமை ஆளோட வாறேன், சாயங்காலத்துக்குள்ள காலி" என்கிறார். எனக்கும் அது சரியென்றுதான் படுகிறது. நாலரை இஞ்சு சுவர் எதைத் தாங்கிவிடப் போகிறது? நம்ம கன்னியாகுமரி மாவட்டத்துப் பக்கம் இடித்துப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

ஜனவரி 6, இரவு 10.40 – என் பதில்

திங்கட்கிழமை வேண்டாம். ஆளுக்குச் சொல்லிவிட்டீர்கள் என்றால் முற்றத்தில் வேறு ஏதாவது வேலை கொடுங்கள்.

சுவரின் கனத்தை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. தட்டிப் பார்த்தும் சொல்ல முடியாது. நிமிர்ந்து கூரையைப் பாருங்கள். அந்தச் சுவரின் தலையில் என்ன உட்கார்ந்திருக்கிறது? கழுக்கோலா (ஓட்டுக்கு அடியில் சரிவாக வருகிற மரம்), உத்திரமா, தளமா, ஒன்றுமே இல்லையா? அதைப் பார்த்து எழுதுங்கள், அப்புறம் பேசலாம்.

ஜனவரி 7, காலை

இராத்திரி கடுமையாகச் சொல்லிவிட்டேன் போலிருக்கிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீடு இரணியல் பக்கம். ஒன்றரை அடி மண்சுவர், மேலே சுண்ணாம்புக் காரை, அயனி உத்திரம், ஓடு. பட்டாசலை இரண்டாகப் பிரித்து ஒரு நாலரை இஞ்சு செங்கல் சுவர் நின்றது. வீடு கட்டும்போது இருந்த சுவர் இல்லை அது. பாகம் பிரித்தபோது பெரியப்பா குடும்பம் அந்தப் பக்கம், நாங்கள் இந்தப் பக்கம் என்று ஆனதில், ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்கக் கூடாது என்று எழுப்பியது. (கேட்டது. சுவர் எழும்பின பிறகு எல்லாரும் இன்னும் சத்தமாகப் பேசினார்கள்.) பிற்பாடு பெரியப்பா பங்கையும் நாங்களே வாங்கினோம். சுவருக்கு வேலை இல்லாமல் போனது.

கூரை ஏறிப் பல வருஷம் கழித்து வந்த சுவர், ஆகவே அது கூரையைத் தாங்கவில்லை. கணக்கு நேர்தானே? கொத்தனாரும் இதையேதான் சொன்னார். என் தம்பி சம்மட்டியோடு தயாராக நின்றான்.

ஓடு மாற்ற வந்திருந்த ஆசாரிக்கு மட்டும் மனம் ஒப்பவில்லை. ஒரு ஹேக்ஸா பிளேடை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினார். சுவர் முடிகிற இடத்தில் காரையைக் கொத்திவிட்டு, உத்திரத்தின் அடிக்கும் செங்கல்லுக்கும் நடுவில் பிளேடைச் செருகினார். ஓரத்தில் வழுக்கிக்கொண்டு போனது. கொஞ்சம் தள்ளிச் செருகினார்; போனது, ஆனால் திரும்ப எடுக்க இழுக்க வேண்டியிருந்தது. நடுவில் பிளேடு நுழையவே இல்லை. அங்கே விரலால் தடவிப் பார்க்கச் சொன்னார். மேல்வரிசைச் செங்கல்லின் விளிம்பு மரத்தில் அச்சாகப் பதிந்திருந்தது.

மரத்தின் மேல் தொடர்ந்து பாரம் இருந்தால் அது வருஷக்கணக்கில் மெல்லத் தொய்யும். நம்ம ஊரில் ஜூனில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை. ஓடு தண்ணீர் குடித்துக் கனக்கும், வெயிலில் காயும், மறுபடியும் கனக்கும். தொய்ந்துகொண்டே வந்த உத்திரம் ஒரு நாள் அந்தச் சுவரின் தலையில் வந்து உட்கார்ந்துவிட்டது. அன்றிலிருந்து மறைப்புச் சுவர் தூண். இதில் இன்னொரு விஷயமும் இருந்தது. உத்திரத்தின் ஒரு முனை மண்சுவருக்குள் செருகியிருந்த இடத்தில் சிதல் (கரையான்) அரித்து மரம் பொடிப்பொடியாக உதிர்ந்தது. முனை பலமிழந்த உத்திரத்துக்கு நடுவில் கிடைத்த அந்தச் செங்கல் சுவர்தான் ஆதரவு. அது இல்லையென்றால் கூரை எப்போதோ இறங்கியிருக்கும்.

அதனால்தான் திங்கட்கிழமை வேண்டாம் என்கிறேன்.

ஜனவரி 7, மாலை

பிளேடு நுழைந்தால் இடிக்கலாம் என்று எடுத்துக்கொள்ளலாமா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கூடாது. நுழையாவிட்டால் பாரம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். நுழைந்தால் இன்றைக்கு, அந்த இடத்தில், பாரம் இல்லை, அவ்வளவுதான். மரம் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். மார்ச் மாதம் நுழைகிற பிளேடு நவம்பரில் நுழையாமல் போகலாம்.

ஜனவரி 9

இரண்டு நாளாக யோசித்ததில் நான் மேலே எழுதியது பாதிதான் என்று தோன்றுகிறது. சுவரின் தலையை மட்டும் பார்த்தால் போதாது, அதன் இரண்டு பக்கத்தையும் பார்க்க வேண்டும்.

குறுக்குச்சுவர் கூரையைத் தாங்காமல் இருக்கலாம், ஆனால் அது நீளச் சுவரைச் சாயவிடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். ஓர் அட்டையை நேராக நிறுத்தினால் நிற்காது, நடுவில் மடித்து நிறுத்தினால் நிற்கும். அந்த மடிப்புதான் குறுக்குச்சுவர். அதை எடுத்துவிட்டால் இருபது அடி நீளச் சுவர் தனியாக நிற்கும். மண்சுவராக இருந்து, சாய்ந்த கூரை வேறு அதை வெளிப்பக்கமாகத் தள்ளிக்கொண்டிருந்தால், உடனே ஒன்றும் தெரியாது. அடுத்த மழைக்குக் கதவு இறுகும். அதற்கடுத்த மழைக்கு மூலையில் மேலிருந்து கீழாக விரிசல் வரும்.

தூக்குக்குண்டு ஒன்றை வாங்கி, குறுக்குச்சுவர் சேர்கிற இடத்தில் நீளச் சுவரின் மேலிருந்து தொங்கவிட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வெளியே சாய்ந்திருந்தால் அந்தக் குறுக்குச்சுவரை முழுசாக எடுக்காதீர்கள். இரண்டு ஓரத்திலும் ஒன்றரை, இரண்டு அடி விட்டுவிட்டு நடுவில் மட்டும் திறக்கலாம். பார்க்க அழகாக இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். அதில் அலமாரி அடித்துக் கொடுத்தால் அழகாகிவிடும்.

ஜனவரி 10

கழுக்கோல் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று எப்படிப் பார்ப்பது என்கிறார் மார்த்தாண்டத்துக்காரர். ஓட்டுக்கு அடியில் சரிவாக மேலிருந்து கீழே வருவது கழுக்கோல். அதற்குக் குறுக்கே ஓட்டை மாட்டுகிற சன்ன மரம் பட்டியல். கழுக்கோல் போய் எந்தச் சுவரின் தலையில் முடிகிறதோ அது பாரச்சுவர். கழுக்கோலுக்கு இணையாக ஓடுகிற சுவர் பெரும்பாலும் கூரையைத் தாங்காது. இந்தப் "பெரும்பாலும்" என்ற சொல்லுக்குள்தான் எங்கள் வீட்டு உத்திரம் வருகிறது.

அகஸ்தீஸ்வரம் பக்கம் பனங்கை (பனைமரச் சட்டம்) போட்ட கூரைகளில் பார்க்கிற முறை இதேதான். விளவங்கோடு பக்கம் சில பழைய வீடுகளில் சுவருக்குப் பதில் மரநிரை இருக்கும். பலகை ஒரு இஞ்சுகூட இருக்காது. பலகையைக் கழற்றலாம், கூரை அசையாது. பலகைக்கு நடுவில் நிற்கிற மரக்கால் ஒன்றில் கை வைத்தால் கதை வேறு. மூன்று இஞ்சு மரக்கால் கூரையைத் தாங்கும், பக்கத்தில் ஒன்றரை அடி மண்சுவர் வெறும் மறைப்பாக நிற்கும். கனத்தை நம்பாதீர்கள் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

நிரை என்றதும் பத்மநாபபுரம் அரண்மனை ஞாபகம் வருகிறது. மரத்தை எப்படியெல்லாம் பாரம் சுமக்க வைக்கலாம் என்று பார்க்க வேண்டுமானால் தக்கலைக்காரருக்கு நடக்கிற தூரம்தான். இந்த மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று திருவிதாங்கூர்-கொச்சியை விட்டு இந்தப் பக்கம் வந்துவிட்டது. அரண்மனை நிற்பது தமிழ்நாட்டு மண், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை. இரண்டு மாநிலத்துக்கும் பொதுச்சுவர். நல்ல வேளை, அங்கே யாரும் ஹால் பெரிதாக வேண்டும் என்று கேட்கவில்லை.

ஜனவரி 13

தக்கலைக்காரர் படம் போட்டுவிட்டார். நான் பயந்தது ஓட்டுப் பக்கத்துக்கு. விஷயம் பின்பக்கத் தளத்தில் இருக்கிறது. தளம் அடுக்களைக்கு மேல் மட்டும் நிற்கவில்லை. இந்த நாலரை இஞ்சுச் சுவரைத் தாண்டி பட்டாசலுக்கு மேலும் நாலைந்து அடி நீண்டு வந்திருக்கிறது. தளம் வார்க்கும்போது சுவர் அங்கே இருந்ததா, பிறகு கட்டியதா என்று அம்மாவிடம் கேளுங்கள். இதற்கு எந்த எஞ்சினியரையும் விட அம்மாதான் நல்ல ஆவணம்.

சுவர் முதலில் இருந்து, தளம் அதன்மேல் வார்த்தது என்றால், தளத்துக்கு அது நடு ஆதாரம். அதை எடுத்தால் இரண்டு சின்ன இடைவெளியாக இருந்தது ஒரே பெரிய இடைவெளியாகும். நீளம் இரட்டித்தால் வளைக்கிற விசை இரட்டிப்பதில்லை, ஏறக்குறைய நாலு மடங்காகும். தொய்வு அதைவிடப் பல மடங்கு. உள்ளே கிடக்கிற கம்பி பழைய இடைவெளிக்குக் கணக்குப் போட்டுக் கட்டினது. தவிர, நடுச் சுவருக்கு மேலே மட்டும் கம்பி தளத்தின் மேல்பக்கம் போயிருக்கும்; சுவர் போன பிறகு அந்த இடத்தில் கம்பி தேவைப்படுவது அடிப்பக்கம். அங்கே கம்பி குறைவாக இருக்கும், அல்லது இருக்கவே இருக்காது.

இதற்கு மேல் படம் பார்த்துச் சொல்கிற வேலை எனக்கு வேண்டாம். கட்டட எஞ்சினியர் ஒருவரை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள். அவருக்குக் கொடுக்கிற பணம் அந்த அடுக்களைக்கு வாங்கப்போகிற சிம்னியைவிடக் குறைவாகத்தான் இருக்கும்.

ஜனவரி 13, சற்று நேரம் கழித்து

குளச்சல்காரருக்கு: தளத்தின் அடியில் கோடு கோடாகச் செம்பழுப்புக் கறை, அங்கங்கே காரை உப்பி நிற்கிறது என்றால் உள்ளே கம்பி துருப்பிடித்திருக்கிறது. இரும்பு துருவாகும்போது பருமன் இரண்டு மடங்குக்கும் மேல் போகும். அதுதான் கான்கிரீட்டைத் தள்ளுகிறது. கடல் காற்று ஒரு காரணம். பழைய வேலைகளில் கடல் மணலைக் கழுவாமல் கலந்திருந்தால் உப்பு உள்ளேயே இருக்கிறது. அந்தத் தளத்துக்கு அடியில் நின்று பிரேக்கர் மெஷின் ஓட்டினால் சுவர் விழுகிறதோ இல்லையோ, அதிர்வில் மேலே இருக்கிற காரை தலையில் விழும். முதலில் முட்டுக் கொடுத்து, பலகை அடித்து, அப்புறம் கை உளி.

கருங்கல் சுவருக்கும் மெஷின் ஆகாது. பழைய கருங்கல் சுவர் பார்க்க ஒரே கல் மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு முகம், நடுவில் மண்ணும் சல்லியும். ஒரு கல்லை உருவினால் நடுவில் இருப்பது கொட்ட ஆரம்பிக்கும், மேல் கல் தானாக இறங்கும்.

ஜனவரி 21

முட்டு எப்படிக் கொடுப்பது என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எங்கள் வீட்டில் செய்ததைச் சொல்கிறேன். உங்கள் வீட்டுக்கு எஞ்சினியர் சொல்வதுதான் முறை.

ஓட்டுக்கூரைக்கு வேலை சுலபம். உத்திரத்துக்கு அடியில், சுவருக்கு இரண்டு பக்கமும், தரையில் நீளப் பலகை போட்டு அதன்மேல் ஜாக்கி (திருகி ஏற்றுகிற இரும்பு முட்டு). பலகை இல்லாமல் வெறும் தரையில் வைத்தால், மேலே கிடக்கிற டைல்ஸுக்கு அடியில் வெறும் மண்தான். ஜாக்கி தரைக்குள் இறங்கும், உத்திரம் இறங்கினது யாருக்கும் தெரியாது. ஜாக்கியை எவ்வளவு ஏற்றுவது என்பதில்தான் ஆசாரிக்கும் தம்பிக்கும் வாக்குவாதம். தம்பிக்குத் தொய்வு முழுவதையும் நிமிர்த்திவிட ஆசை. ஆசாரி, "அது வளைஞ்சு பழகியாச்சு, நிமுத்தினா முறியும்" என்று, செங்கல்லின் மேல் பாரம் விடுகிற அளவுக்கு மட்டும் ஏற்றினார். பிளேடு நடுவிலும் நுழைந்தது. அத்தோடு நிறுத்தச் சொன்னார். பிறகு இரும்பு ஐ-பீம் ஒன்றை உத்திரத்துக்கு அடியில் கொடுத்து, இரண்டு முனைக்கும் மண்சுவரைக் குடைந்து கான்கிரீட் கட்டை வார்த்து உட்கார வைத்தோம். மண்சுவரின் மேல் நேராக இரும்பை வைத்தால் சுவரை அறுத்துக்கொண்டு இறங்கும்.

சுவர் மேலேயும் தொடர்கிறது, அடியில் மட்டும் திறக்க வேண்டும் என்றால் வேறு முறை. திறக்கிற இடத்துக்கு மேலே சுவரில் இடைவெளி விட்டு ஓட்டை போட்டு, ஒவ்வொரு ஓட்டையிலும் குறுக்கே இரும்புச் சட்டம் செருகி, சட்டத்தின் இரண்டு முனையையும் ஜாக்கியால் தாங்க வேண்டும். மேல்சுவர் அந்தச் சட்டங்களில் தொங்கும்போது அடியில் வெட்டி, பீமை ஏற்றி, பீமுக்கும் மேல்சுவருக்கும் நடுவில் ஈரம் குறைந்த கலவையை அடித்து இறுக்க வேண்டும். அந்த இறுக்குதலை அவசரமாகச் செய்தால் ஜாக்கி எடுத்த அன்றே மேலே மயிரிழை விரிசல் ஓடும்.

கான்கிரீட் பீம் வார்க்கிறவர்கள் கவனிக்க: ஐ.எஸ். 456 (கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதி) சொல்வது, 6 மீட்டர் வரை உள்ள பீமுக்கு முட்டு 14 நாள் நிற்க வேண்டும், அதற்கு மேல் என்றால் 21 நாள். தளத்துக்கு 4.5 மீட்டர் வரை 7 நாள், அதற்கு மேல் 14 நாள். இது சாதாரண போர்ட்லண்ட் சிமெண்டுக்கு. கடையில் இப்போது அதிகம் கிடைப்பது பிபிசி (போர்ட்லண்ட் போஸலானா சிமெண்டு), அது மெதுவாகத்தான் பலம் ஏறும், ஆகவே இன்னும் சில நாள் கூடுதலாக விடுங்கள். ஜாக்கிக்கு நாள் வாடகை ஏறுகிறது என்று ஐந்தாம் நாள் கொத்தனார் முனகுவார். முனகட்டும்.

பிப்ரவரி 4

எப்போது ஆரம்பிப்பது? கூரையைத் தொடுகிற வேலை என்றால் நம்ம மாவட்டத்தில் ஜனவரி முதல் மார்ச் வரைதான். ஏப்ரலில் கோடை மழை எட்டிப் பார்க்கும், ஜூனில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவமழை), அக்டோபரில் வடகிழக்கு. ஒக்கி புயல் 2017 நவம்பர் கடைசியில் வந்தபோது பாதி பிரித்த கூரையோடு இருந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள்.

இனி ஆள் கிடைக்கிற கதை. நவம்பர் கடைசியில் கோட்டாறு சவேரியார் திருவிழா, மார்கழியில் சுசீந்திரம் தேர், கிறிஸ்துமஸ், புத்தாண்டு, பொங்கல், மாசியில் மண்டைக்காடு கொடை. மழை இல்லாத மாதம் எல்லாம் திருவிழா மாதம். எங்கள் கொத்தனார் மூன்று மதத்து விசேஷத்துக்கும் லீவு எடுப்பார், மதநல்லிணக்கம் என்பார். இந்த 2024இல் தேர்தல் வேறு.

பிப்ரவரி 5

தோவாளை, ஆரல்வாய்மொழி பக்கம் இருப்பவர்கள் ஆடிக் காற்றில் இடிப்பு வேலை வைக்காதீர்கள். கணவாய்க் காற்று தூசியை எடுத்துப் பக்கத்து வீட்டுச் சோற்றில் போடும். அந்தச் சண்டை சுவரைவிட நாள் நிற்கும்.

பிப்ரவரி 11

தூசி பற்றிக் கேட்டதற்கு. செங்கல், காரை, கான்கிரீட் எல்லாவற்றின் தூசியிலும் சிலிக்கா உண்டு, அது நுரையீரலில் தங்கிவிடும். துண்டை மூக்கில் கட்டுவது பெருந்தூசிக்குத்தான் தடுப்பு. என்95 முகக்கவசம் போட வேண்டும். சுவரை முந்தின நாள் சாயங்காலம் நனைத்து வைத்தால் பாதித் தூசி கிளம்பாது. மண்சுவரை மட்டும் ஊற ஊற நனைக்காதீர்கள், நீங்கள் நினைப்பதற்கு முன்னாலேயே அது வந்துவிடும்.

பழைய ஜன்னல், கதவில் பல அடுக்கு எனாமல் பெயிண்ட் இருக்கும். பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முந்தினதை உரசித் தேய்த்தால் ஈயத் தூசி. சின்னக் குழந்தைகளை அந்த நாட்களில் ஆச்சி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இருந்தால் உடைக்காமல், நனைத்து, போல்ட்டைக் கழற்றி முழுசாக இறக்க வேண்டும். மேலே ஏறி மிதித்து உடைப்பதைத்தான் எங்கும் பார்க்கிறேன்.

கரண்டு: மெயினை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பாகம் பிரித்த வீட்டில் இரண்டு மீட்டர் இருக்கும். எங்கள் சுவருக்குள் ஓடின வயர் பெரியப்பா மீட்டரில் இருந்து வந்தது. டெஸ்டர் வைத்துப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

பிப்ரவரி 18

புதையல் கிடைத்ததா என்று கேட்ட அன்பருக்கு. கிடைத்தது. எலிக்கூடு ஒன்று, பீடிக்கட்டு, ஒரு ஷேவிங் பிளேடு பாக்கெட், சங்கு முத்திரை போட்ட செம்புக்காசு ஒன்று. திருவிதாங்கூர்க் காசு. பதினாறு காசு ஒரு சக்கரம், நாலு சக்கரம் ஒரு பணம், ஏழு பணம் ஒரு ரூபாய் என்று அத்தை வாய்ப்பாடு மாதிரி ஒப்பித்தாள். இதை வைத்துச் சுவர் மன்னர் காலத்தது என்று தம்பி சொல்ல, பாகம் பிரித்த வருஷத்தை அத்தை சொன்னாள். காசு செல்லாமல் போன பிறகுதான் சுவர் எழும்பியிருக்கிறது. யாரோ கொத்தனார் ராசிக்குப் போட்டிருக்கலாம், பெரியப்பா பையில் ஓட்டை இருந்திருக்கலாம்.

சேதி பரவினதும் சொந்தக்காரர்கள் வர ஆரம்பித்தார்கள். காசைப் பார்க்க என்றுதான் வந்தார்கள். போகும்போது பழைய தேக்குக் கதவு சும்மாதானே கிடக்கிறது என்று கேட்டார்கள்.

மார்ச் 3

இடிபாட்டை என்ன செய்வது? குளத்தில் கொட்டாதீர்கள், ஓடைக்கரையில் கொட்டாதீர்கள். கட்டட இடிபாட்டுக் கழிவுக்கு 2016லேயே தனி விதி வந்துவிட்டது. மாநகராட்சியிலோ பஞ்சாயத்திலோ எங்கே போடச் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வண்டியை வரச் சொல்லுங்கள்.

அதற்கு முன் பிரித்து வையுங்கள். சிமெண்டு கலக்காத மண்சுவர் மண் தென்னைக்கும் வாழைக்கும் போகும். சுண்ணாம்புச் சாந்தில் கட்டின செங்கல் முழுசாகக் கழன்று வரும், கொத்துக் கரண்டியால் தட்டினால் சாந்து உதிர்ந்துவிடும், திரும்பக் கட்டலாம். சிமெண்டில் கட்டினது கல் உடையும், சாந்து உடையாது, அது தரை நிரப்பத்தான். மேற்குப் பக்கத்து வெட்டுக்கல்லை (செம்புரைக்கல்) கண்டிப்பாக எறியாதீர்கள். காற்றுப்பட்டுக் கெட்டிப்படுகிற கல் அது, உங்கள் தாத்தா வாங்கினதைவிட இப்போது கெட்டி. மரம் கன அடிக் கணக்கில் போகும், ஆனால் ஆணியைப் பிடுங்காமல் விற்றால் பாதி விலைக்குக் கேட்பார்கள்.

மார்ச் 17

இடித்த ஓரத்தைப் பூசுவது. எங்கள் கொத்தனார் சிமெண்டால் பூசிவிட்டார், மூன்று மாதத்தில் உப்புப் பூத்துப் பொரிந்துவிட்டது. மண்சுவரும் சுண்ணாம்புச் சுவரும் அடியிலிருந்து ஈரம் இழுத்துக் காற்றில் விடும். சிமெண்டுப் பூச்சு அந்த வழியை அடைக்கும். ஈரம் உள்ளே சிக்கி, உப்போடு சேர்ந்து, பூச்சைத் தள்ளும். மேலே வாட்டர்ப்ரூஃப் பெயிண்டும் அடித்தால் இன்னும் மோசம். உரித்துவிட்டுச் சுண்ணாம்பும் மணலும் கலந்து பூசினோம். கருப்பட்டித் தண்ணீரும் கடுக்காயும் ஊறப்போட்டுச் சேர்க்க வேண்டும் என்று ஆசாரி சொன்னார். சேர்த்தோம், எறும்பு வந்தது. சுவர் நன்றாக இருக்கிறது.

மே 26

தக்கலைக்காரர் எழுதியிருக்கிறார். எஞ்சினியர் வந்து, சுவர் தளத்துக்கு முந்தினதுதான், முழுசாக எடுக்கக் கூடாது என்றாராம். இரண்டு ஓரமும் விட்டு, நடுவில் ஆறடி மட்டும் பீம் கொடுத்துத் திறந்திருக்கிறார்கள். கொத்தனார் இன்னமும் "ஒண்ணும் ஆயிருக்காது" என்கிறாராம். சொல்லட்டும், பீம் அவர் கையால் வார்த்ததுதானே.

ஹால் பெரிதானதில் மீன் பொரிக்கிற மணம் படுக்கையறை வரை வருகிறது என்று குறை வேறு. எங்கள் வீட்டில் மைனி அதற்காக ஓர் இழுப்புக் கதவு போட வைத்தாள். இடித்த இடத்தில் பாதிக்கு மறுபடி மறைப்பு வந்துவிட்டது.

ஜூன் 2

புதிதாகச் சேர்ந்த அன்பருக்கு: பக்கத்து வீட்டோடு ஒட்டின சுவர் என்றால் நான் மேலே சொன்ன எதையும் தொடங்காதீர்கள். முதலில் பத்திரத்தை எடுத்து எல்லை விவரத்தைப் படியுங்கள். பொதுச்சுவர் என்று இருந்தால் அதில் பாதி உங்களுடையதில்லை, அவர்களுடைய உத்திரமும் அதில்தான் செருகியிருக்கும். சம்மதத்தை எழுதி, கையெழுத்தோடு வாங்குங்கள். "நீங்க இடிங்க மக்கா, நமக்குள்ள என்ன" என்று பெரியவர் வாயால் சொன்னது, அவர் மகன் துபாயிலிருந்து லீவுக்கு வருகிற வரைக்கும்தான் செல்லும்.